ராத்தங்கிய ரத்தம்: போஸ்ட்டாக் போகும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது போன் செய்கிறார்கள். "மேடம், போஸ்ட்டாக் ஆஃபர் வந்திருக்கு. லூபஸ்ல டி செல் வேலை. போகலாமா?" குரலில் பாதி சந்தோஷம், பாதி பயம். நானும் ஒரு காலத்தில் அதே குரலில் கேட்டவள்தான். அப்போது எனக்குக் கிடைத்த பதில், "போயிட்டு வாம்மா, நல்லா இருப்ப." ஆசீர்வாதமாக அது போதும். வேலைக்குப் போதவில்லை.

பிஎச்டி முடித்தவர், சொந்தமாக ஓர் ஆய்வகம் வைப்பதற்கு முன்னால் இன்னொருவரின் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்ப்பதுதான் போஸ்ட்டாக். மாணவரும் இல்லை, முதலாளியும் இல்லை. கல்யாணத்துக்கும் தனிக்குடித்தனத்துக்கும் நடுவில் மாமியார் வீட்டில் இருக்கிற காலம் மாதிரி. சமையல் உங்களுடையது, சமையற்கட்டு அவர்களுடையது.

நீங்கள் போகிற துறையும் லேசானதல்ல. கிருமியைத் தாக்க வேண்டிய வெள்ளையணுக்கள் சொந்த உடம்பையே தாக்கும் நோய்கள்: லூபஸ், முடக்குவாதம், டைப் 1 சர்க்கரை நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தைராய்டைக் கரைக்கும் ஹாஷிமோட்டோ. போனில் அவசரத்தில் சொன்னதையெல்லாம் இங்கே வரிசைப்படுத்தி வைக்கிறேன்.

1. ஆய்வகத்தைப் பற்றி, அங்கிருந்து கிளம்பியவரிடம் கேளுங்கள்

ஆய்வகத்தின் குரூப் போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அங்கிருந்து போய்விட்ட இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். மெயிலில் கேட்டால் மழுப்புவார்கள், போனில் பேசினால் உண்மை வரும்.

மூன்று கேள்விகள் போதும். கிளம்பும்போது உங்கள் ஆய்வில் எதைக் கையோடு எடுத்துப்போக விட்டார்? சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது, அந்த நிதி என்றைக்கு முடிகிறது? மனித ரத்தத்தில் வேலை என்றால் நெறிக்குழுவின் அனுமதி கையில் இருக்கிறதா, எலியில் வேலை என்றால் அந்த எலி கூண்டில் இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. அனுமதிக்குக் காத்திருந்தும், இரண்டு மரபணு மாற்றம் சேர்ந்த எலிக்குட்டி பிறக்கக் காத்திருந்தும், இரண்டு வருட வேலையில் ஒரு வருடத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

2. நோயைப் பார்த்துவிட்டுச் செல்லைப் பாருங்கள்

சேர்ந்த முதல் மாதத்திலேயே, உங்கள் மாதிரிகள் வருகிற மருத்துவமனையின் வெளிநோயாளி பிரிவில் அனுமதி வாங்கி ஒரு நாள் ஓரமாக உட்காருங்கள். பாடப்புத்தகத்தில் 'காலை நேர மூட்டு விறைப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல்' என்று ஒரே வரியில் இருக்கும். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்த ஒரு முடக்குவாத நோயாளி அதையே வேறு மாதிரி சொன்னார்: "காலையில ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியலைம்மா. பத்து வயசுப் பேத்திதான் மாட்டி விடுறா. அவ பள்ளிக்கூடம் போயிட்டா நான் வெளியில வர முடியாது." அதற்குப் பிறகு 'நோயாளி எண் 17' என்ற குழாயை அலட்சியமாகக் கையாள எனக்குக் கை வரவில்லை.

உணர்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. லூபஸ் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். நோய் ஒரு மாதம் சீறும், ஆறு மாதம் அடங்கிக் கிடக்கும். அவர் சாப்பிடும் ஸ்டீராய்டும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் உங்கள் செல்களையும் மாற்றியிருக்கும். கிளினிக்கில் உட்காராதவருக்கு, ரத்தம் எடுத்த நாளில் நோய் சீறியதா அடங்கியதா என்று கேட்கவே தோன்றாது.

3. ரத்தம் உங்களுக்காகக் காத்திருக்காது

பச்சை மூடி ஹெப்பரின், ஊதா மூடி ஈடிடிஏ. எந்தக் குழாய் வேண்டும் என்று ரத்தம் எடுக்கிற நர்சிடம் முதல் நாளே சொல்லி, ஒரு பெட்டி குழாயை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து வையுங்கள். ஆர்வக்கோளாறில் ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துவராதீர்கள். உயிருள்ள வெள்ளையணு வேண்டுமென்றால் ரத்தம் அறை வெப்பத்தில் வரவேண்டும்.

வந்ததும் ஃபைக்கால் என்ற அடர்த்தியான திரவத்தின் மீது ஊற்றுவீர்கள். குழாயைச் சாய்த்து, பைப்பெட் முனையைச் சுவரில் வைத்து, தோசைக்கல் ஓரத்தில் எண்ணெய் விடுவதுபோல் மெதுவாக விட வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் அந்தக் குழாய் அவ்வளவுதான். பிறகு சுழல விடுங்கள்: 400 ஜி, 30 நிமிடம். சென்ட்ரிஃப்யூஜில் பிரேக் போடாதீர்கள். பிரேக் போட்டால் நிற்கிற அதிர்ச்சியில் அடுக்கு கலைந்துவிடும். சரியாகச் செய்தால் மஞ்சள் பிளாஸ்மாவுக்குக் கீழே பாலாடை மாதிரி ஒரு மெல்லிய வெண்படலம் தெரியும். லிம்போசைட்டும் மோனோசைட்டும் அதில்தான் இருக்கின்றன. ஒரு மில்லி ரத்தத்துக்குச் சுமார் பத்து லட்சம் செல் கிடைக்கும். கணக்கை முன்னாலேயே போடுங்கள். நாலு பரிசோதனைக்குத் திட்டம் போட்டுவிட்டு ஐந்து மில்லி ரத்தம் வாங்கி வந்து விழிக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

4. உங்கள் ரத்தத்தையும் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள்

இது நான் பட்ட பாடு. வெளிநாட்டில் சேர்ந்து எட்டாவது மாதம். லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தைப் பிரித்தால், அந்த வெண்படலத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து மிதந்தன. நியூட்ரோஃபில் கனமானது, சிவப்பணுக்களோடு அடியில் போய்ப் படிய வேண்டியது. லூபஸில் அடர்த்தி குறைந்த நியூட்ரோஃபில்கள் உண்டு என்று 1986லேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நோயாளிகளிடம் அவை மண்டிக் கிடந்தன, ஆரோக்கியமானவர்களிடம் அநேகமாக இல்லை. வரைபடம் போட்டு, கூட்டத்தில் காட்டி, கைதட்டும் வாங்கிவிட்டேன்.

கூட்டம் கலைந்தபின், அந்த ஆய்வகத்தில் பல வருடமாக இருந்த டெக்னீஷியன் அம்மா என் மேசைக்கு வந்தார்.

"நோயாளி ரத்தம் எத்தனை மணிக்கு வருது?"

மாலை ஐந்துக்கு வரும், மறுநாள் காலை பிரிப்பேன் என்றேன்.

"ஆரோக்கியமானவங்க ரத்தம்?"

பக்கத்து மேசைக்காரர்கள்தான். காலை ஒன்பது மணிக்குக் கை நீட்டுவார்கள், ஒன்பதரைக்கு அது சென்ட்ரிஃப்யூஜில் இருக்கும்.

அவர் திட்டவில்லை, விளக்கவும் இல்லை. "உன் ரத்தத்தை ஒரு ராத்திரி வச்சுப் பாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வைத்தேன். காலையில் என் வெண்படலத்திலும் அதே நியூட்ரோஃபில்கள் மிதந்தன. ஒரே ராத்திரியில் எனக்கு லூபஸ் வந்துவிட்டது! குழாயில் ராத்தங்கிய ரத்தத்தில் நியூட்ரோஃபில்களின் தன்மை மாறி, அடர்த்தி குறைந்து மேலே வந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிறகு நோயாளிகளின் ரத்தத்தையும் அன்றன்றே பிரித்தேன். வித்தியாசம் இருந்தது, ஆனால் கைதட்டும் அளவுக்கு இல்லை. மூன்று மாத உழைப்பு போயிற்று. இருந்தாலும் அந்த ஒரு கேள்விதான் என் முழு போஸ்ட்டாக்கிலும் நான் வாங்கிய பெரிய பாடம். உங்கள் கண்டுபிடிப்பை உடைக்க வேறொருவர் வருமுன் நீங்களே சுத்தியலை எடுங்கள்.

5. 'ஆரோக்கியமானவர்' என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஐம்பத்தைந்து வயது நோயாளி அம்மாவுக்கு, இருபத்தேழு வயது ஆராய்ச்சி மாணவனை ஒப்பீடாக வைக்காதீர்கள். வயது, பால், ரத்தம் எடுத்த நேரம், காய்ச்சல், அண்மையில் போட்ட தடுப்பூசி எல்லாம் செல் கணக்கை மாற்றும். உடம்பில் கார்ட்டிசால் ஏறி இறங்குவதற்கேற்ப ரத்தத்தில் லிம்போசைட்டின் எண்ணிக்கையும் காலையில் ஒன்று, நள்ளிரவில் ஒன்று. காலையில் பிரெட்னிசோலோன் மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவருக்கு அது இன்னும் இறங்கும். நோயாளியிடம் ஒரு செல் குறைவு என்று எழுதுமுன், குறைத்தது நோயா மாத்திரையா என்று கேளுங்கள். முடிந்தால் இன்னும் மருந்து தொடங்காத புது நோயாளிகளையும், வேறு நோய்க்காக அதே மருந்தைச் சாப்பிடுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைப்பது கஷ்டம்தான். கஷ்டம் என்பதால்தான் அந்த ஆய்வுக்கு மதிப்பு.

6. வேலி போடும் கையைக் கவனியுங்கள்

செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் முன்னால் உங்கள் வாழ்வில் பல நூறு மணி நேரம் போகப் போகிறது. அதில் போடுகிற ஆன்டிபாடிக்கே ஒரு போஸ்ட்டாக் கதை உண்டு. ஒரே அச்சில் வார்த்த ஆன்டிபாடிகளைச் செய்யும் வழியை 1975இல் வெளியிட்ட இருவரில் ஒருவரான ஜார்ஜ் கோலர், கேம்பிரிட்ஜில் சேசர் மில்ஸ்டைனின் ஆய்வகத்துக்கு வந்த போஸ்ட்டாக். 1984இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் ஃபிரிட்ஜில் வரிசையாக நிற்கிற குப்பிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான்.

திரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல். எது டி செல், எது இல்லை என்று நீங்கள்தான் வேலி போடுகிறீர்கள். வேலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினால் முடிவும் நகரும். ஆகவே எது நோயாளி, எது ஒப்பீடு என்று தெரியாமல் வேலி போடுங்கள். குழாய்க்குக் குறியீடு போடும் வேலையை இன்னொருவரிடம் கொடுங்கள். செத்த செல் எல்லா ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்ளும், அதைக் காட்டிக்கொடுக்கும் சாயத்தை மறக்காதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும், அதை மட்டும் விட்டுவிட்டு மீதியெல்லாம் போட்ட குழாய் ஒன்று வேண்டும், வேலி எங்கே என்று அதுதான் சொல்லும். இருபது புள்ளிகளை வைத்துக்கொண்டு சதவீதம் பேசாதீர்கள்.

இப்போது ஒவ்வொரு செல்லின் ஆர்என்ஏவையும் தனித்தனியே படிக்கும் கருவிகள் வந்துவிட்டன. அங்கே ஒரு பொறி இருக்கிறது. நாலு நோயாளியிடமிருந்து ஆளுக்கு 10,000 செல் எடுத்தால் உங்கள் எண்ணிக்கை 40,000 ஆகிவிடாது. ஆட்கள் நாலே பேர்தான். ஒரு பானைச் சோற்றில் எத்தனை பருக்கை எண்ணினாலும் பானை ஒன்றுதான்.

7. பெயரை நம்பிச் செல்லை நம்பாதீர்கள்

நோயெதிர்ப்பை அடக்கி வைக்கும் டி செல்கள் உண்டு என்று 1970களில் ஊரெல்லாம் பேச்சு. 'சப்ரசர் டி செல்' என்று பெயர் வைத்து ஏராளமான கட்டுரைகள் எழுதினார்கள். அதற்கு அடையாளமாகச் சொன்ன மரபணு, சொன்ன இடத்தில் இல்லவே இல்லை என்று 1980களின் தொடக்கத்தில் தெரிந்ததும் கூடாரம் சரிந்தது. அந்தப் பெயரைச் சொல்லவே ஆட்கள் கூச்சப்பட்டார்கள். ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சி விடவில்லை. பெயரை விட்டுவிட்டுச் செல்லைப் பிடித்தார். 1995இல் சிடி25 என்ற அடையாளத்தைத் தாங்கிய டி செல்களை நீக்கினால் எலிக்குத் தன்னெதிர்ப்பு நோய் வருகிறது, திருப்பிக் கொடுத்தால் அடங்குகிறது என்று காட்டினார். 2001இல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும், 1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் தானாகப் பிறந்த ஒரு நோஞ்சான் எலி வம்சத்தில் பழுதான மரபணு ஃபாக்ஸ்பி3 என்று கண்டார்கள். அதே மரபணு பழுதானால் ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற கடும் நோய் வருகிறது. சகாகுச்சியின் செல், இந்த மரபணு என்ற இரண்டு இழையும் பின்னர் ஒன்றாயின. மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பரிசை அல்ல. மனிதரில் சாதாரண டி செல்லும் தூண்டப்பட்டால் சிடி25ஐ ஏற்றிக்கொள்ளும், ஃபாக்ஸ்பி3யைக்கூடக் கொஞ்ச நேரம் காட்டும். நோய் சீறுகிற உடம்பில் தூண்டப்பட்ட செல்கள்தான் நிறைய. அங்கே இந்த இரண்டு அடையாளத்தை மட்டும் எண்ணிவிட்டு 'அடக்கும் செல் கூடியிருக்கிறது' என்று எழுதினால், திருடனுக்குப் போலீஸ் சட்டை போட்டுவிட்டு எண்ணிய கதைதான். அந்தச் செல் உண்மையிலேயே மற்ற செல்லை அடக்குகிறதா என்று தட்டில் போட்டுப் பாருங்கள்.

8. எலி சொன்னது எலிக்கு

எலி இல்லாமல் ஃபாக்ஸ்பி3 இல்லை. ஆகவே எலியைப் பழிக்க மாட்டேன். ஆனால் இரண்டு சம்பவங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுத்தால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய் எலியில் தணிந்தது. மனிதர்களுக்கு லெனர்செப்ட் என்ற மருந்தாகக் கொடுத்தபோது நோய் மோசமானது என்று 1999இல் வெளியான முடிவு சொன்னது. இத்தனைக்கும் முடக்குவாதத்தில் அதே டிஎன்எஃப் தடுப்புதான் பெரும் வெற்றி. லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் 1992இல் நோயாளிகளுக்குக் கொடுத்துத் தொடங்கியது அது.

இரண்டாவது, 2006 மார்ச், லண்டன். டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி. விலங்குகளுக்குப் பாதுகாப்பு என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்கை ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தினார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள். நல்லவேளை, உயிர் பிழைத்தார்கள். அந்த ஆன்டிபாடி பிடிக்கிற சிடி28, நம் நினைவு டி செல்களில் உண்டு. சோதனைக்கு எடுத்த குரங்கின் அதே வகைச் செல்களில் இல்லை. இது பின்னால்தான் புரிந்தது.

உங்கள் எலி வீட்டின் சுத்தத்தைக்கூடக் கேளுங்கள். தானாகச் சர்க்கரை நோய் வரும் என்ஓடி எலியில், கிருமி குறைந்த இடத்தில் நோய் கூடும், அழுக்கான இடத்தில் குறையும். பழைய ஊரில் வந்த முடிவு புது ஊரில் வரவில்லையென்றால் உங்கள் கையை நொந்துகொள்ளுமுன் கூண்டைப் பாருங்கள்.

9. ஊரே மறுத்தால் இன்னொரு முறை செய்யுங்கள்

உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்ள முடியாது என்று பால் எர்லிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னது, அரை நூற்றாண்டு வேதவாக்காக நின்றது. 1950களில் அமெரிக்காவின் பஃபலோவில் நோயல் ரோஸ் என்ற இளைஞர், முயலுக்கு அதன் தைராய்டுச் சாற்றையே ஊசியாகப் போட்டார். முயல் தன் தைராய்டுக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்தது, சுரப்பியும் சிதைந்தது. அவருடைய தலைவர் எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கி, எர்லிக்கின் சீடரிடம் பயின்றவர். எளிதில் நம்புவாரா? திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கட்டுரை 1956இல் வந்தது. அதே ஆண்டு லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழு ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடியைக் கண்டது.

விட்டெப்ஸ்கியை வில்லனாக்காதீர்கள். நம்ப மறுத்த தலைவரும் விட மறுத்த இளைஞரும் ஒரே ஆய்வகத்தில் இருந்ததால்தான் அந்தக் கட்டுரை வெளிவந்த நாளில் உறுதியாக நின்றது. உங்கள் முடிவை முதல் நாளே தலையில் தூக்கி வைத்து ஆடுகிற தலைவரைப் பார்த்தால்தான் நான் பயப்படுவேன்.

10. பேச வேண்டியதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்

நம் பிள்ளைகளுக்குக் கைடு என்றால் கைகட்டி நின்று பழக்கம். பல ஊர்களில் ஆய்வகத் தலைவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பதிலுக்கு மறுப்பையும் எதிர்பார்ப்பார்கள். நீங்கள் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தால், இவருக்குச் சொந்தக் கருத்து இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். மறுப்பதைப் பணிவாகவும் மறுக்கலாம்: "இதை இன்னொரு வகையிலும் பார்க்கலாமா?"

யார் பெயர் முதலில் வரும் என்பதைச் சோதனை தொடங்குமுன் பேசுங்கள், முடிந்தபின் பேசினால் சண்டை. பேசியதை அன்றே இரண்டு வரி மெயிலாகப் போட்டுவையுங்கள். என்றைக்காவது கிளம்பும்போது எந்தக் கேள்வி என்னுடையது என்பதையும் இரண்டாம் ஆண்டிலேயே கேளுங்கள். போஸ்ட்டாக் முடியும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய சொத்து 'இது என் கேள்வி' என்று சொல்ல ஒரு கேள்வி. கட்டுரைகள் அதன் பின்னால் வரும்.

11. காலண்டர், காசு, வீடு

உதவித்தொகைகள் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிற கடிகாரங்கள். நம் நாட்டின் தேசிய போஸ்ட்டாக் நிதி இரண்டு ஆண்டுக்கு, 35 வயது வரம்போடு வந்தது. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. ஐரோப்பாவின் மேரி க்யூரி நிதிக்குப் பிஎச்டி முடித்து எட்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். போகிற நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் கிடைக்காது. வேலைக்குச் சேர்ந்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தவர்கள் இந்த ஒரு விதியால் கதவடைக்கப்பட்டு நின்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் சொந்த ஆய்வகத்துக்குப் பாலமாக இருக்கும் கே99 நிதிக்கு நாலு ஆண்டு போஸ்ட்டாக் அனுபவம்தான் எல்லை, வெளிநாட்டவரும் கேட்கலாம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்து, கடைசித் தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பில் எழுதுங்கள்.

சம்பளத்தை ரூபாயில் மாற்றிப் பார்த்து மயங்காதீர்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2024இல் புது போஸ்ட்டாக்குக்கு வைத்த அளவு ஆண்டுக்கு 61,008 டாலர். அது சிறு ஊரில் ஒரு வாழ்க்கை, பாஸ்டனில் இன்னொரு வாழ்க்கை. முதலில் வீட்டு வாடகையைக் கேளுங்கள்.

வீட்டில் "இன்னுமா படிக்கிற?" என்பார்கள். சொந்தக்காரர்கள் "டாக்டர்னா எந்த ஆஸ்பத்திரி?" என்பார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள்: இது படிப்பு இல்லை, வேலை. ஞாயிறு ஒரு நாளாவது செல்லுக்குச் சோறு போடாமல் உங்களுக்குச் சோறு வடியுங்கள். செல் வளர்ப்பை ஒரு நாள் பார்த்துக்கொள்ள ஒரு தோழமை இல்லாத ஆய்வகத்தில் எத்தனை பெரிய பெயர் இருந்தும் பயனில்லை. போஸ்ட்டாக் முடித்த எல்லோரும் பேராசிரியர் ஆவதில்லை. மருந்து நிறுவனம், மருத்துவப் பரிசோதனைப் பணி, அறிவியல் எழுத்து எல்லாமே வேலைதான், தோல்வி அல்ல.

12. கிளம்பும்போது ஃப்ரீசர் பட்டியலைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்

செல்களை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாக உறைய வைத்து, திரவ நைட்ரஜனில் இறக்கிவிட்டால் பல ஆண்டு உயிரோடு இருக்கும். லேபிளின் மை மட்டும் அவ்வளவு நாள் இருக்காது, ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும். அச்சடித்த லேபிள் ஒட்டுங்கள். எந்தத் தொட்டி, எந்த அடுக்கு, எந்தப் பெட்டி, எந்தக் கட்டம், எடுத்த தேதி, பிரித்த நேரம், அன்று சாப்பிட்ட மருந்து, எல்லாம் பட்டியலில் இருக்கட்டும். நோயாளியின் பெயர் மட்டும் வேண்டாம், குறியீடு போதும். பெயர் தெரிந்த பட்டியல் பூட்டிய இடத்தில் தனியே இருக்கும்.

பட்டியலுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு முன்னோடியாக எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்று இருக்கிறது என்று 2022இல் ஹார்வர்ட் குழு காட்டியது. அவர்கள் ஆராய்ந்தது ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் இருபது ஆண்டு வரலாற்றை. எச்ஐவி சோதனைக்காக எடுத்து மிஞ்சிய சீரத்தை யாரோ ஒழுங்காகக் குறித்து உறைய வைத்திருந்தார்கள். நோய் வருவதற்குப் பல ஆண்டு முன்னால் எடுத்த குழாயைத் தேடி எடுத்துப் பார்க்க முடிந்தது. வைரஸ் தொற்றிய பின் நோய் வரும் அபாயம் 32 மடங்கு கூடியது என்ற கணக்கு அப்படித்தான் வந்தது. உறைய வைத்தவர்கள் அந்த நோயை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் போஸ்ட்டாக் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த அடுக்கில் ஒரு பெட்டி இருந்தது. எனக்கு முன் இருந்தவர் விட்டுப்போனது. நாற்பது குப்பிகள், எல்லாவற்றிலும் மை அழிந்திருந்தது. உள்ளே செல்கள் அநேகமாக உயிரோடுதான் இருந்திருக்கும். யாருடையவை என்றுதான் தெரியவில்லை. அவருக்கு எழுதிக் கேட்டேன், அவருக்கும் நினைவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெட்டியோடு கழிவில் போட்டேன். காலை விறைப்போடு எழுந்து, பேருந்து பிடித்து வந்து, ஆய்வுக்கு என்றதும் மறுபேச்சில்லாமல் கை நீட்டியவர்கள் நாற்பது பேர்.

போய் வாருங்கள். லேபிளை மட்டும் அச்சடித்து ஒட்டுங்கள்.